வேம்பு கட்டிய வேல்

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் நெடுநல்வாடையின் தொடக்க வரிகள் இருக்கின்றன. மழையில் நனைந்து கோவலர் நடுங்கும் பகுதி. பரீட்சைக்கு அவ்வளவு போதும். ஆனால் 188 அடியையும் கதையாகவாவது சொல்லி முடிக்காமல் அடுத்த பாடத்துக்குப் போக எனக்கு மனம் வந்ததில்லை. அரண்மனைக் கட்டிலில் அரசி உறங்காமல் கிடக்கிறாள். பாசறையில் அரசன், நள்ளிரவில், வாடைக்காற்றில், புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். அவனுக்கு முன்னால் ஒருவன் வேலோடு போகிறான். அந்த வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது.

பாட்டில் அரசனின் பெயர் எங்கும் இல்லை. அரசிக்கும் பெயர் இல்லை. பிரிவும் காத்திருப்பும் அகப்பாட்டுக்கு உரியவை. ஆனாலும் உரை எழுதிய நச்சினார்க்கினியர் இதை அகம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அதைச் சொன்னவுடன் ஆள் இன்னார் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தபின் அது அகமாகாது, புறம். அகத்தின் ஐந்திணைகளிலும் எவர் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. பாட்டை இயற்றிய நக்கீரர் அந்த விதியை மீறிப் பெயர் சொல்லவில்லை. ஒரு கொத்து வேம்பு சொல்லிவிட்டது.

பல ஆண்டுகள் இதை ஓர் உரையாசிரியரின் நுட்பம் என்றுதான் நடத்திக்கொண்டிருந்தேன். என் மாணவிகளின் கைப்பேசிக்குள் கிடக்கிற விஷயமும் இதுதான் என்பது, நானே ஒரு தவறு செய்தபிறகு புரிந்தது.

கொரோனாவுக்கு முந்தைய வருஷம். பதினோராம் வகுப்பில் ஒரு பெண் கவிதை எழுதிக் கொடுத்தாள். கோடு போட்ட நோட்டில் பதினாறு வரி. அப்பா குடித்துவிட்டு வரும் நேரத்தை அம்மாவின் வளையல் சத்தத்தை வைத்தே அறிந்துகொள்ளும் ஒரு பிள்ளையைப் பற்றியது. படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. அந்த மகிழ்ச்சியில் தாளைப் படம் எடுத்தேன். அவள் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் எழுதி ஃபேஸ்புக்கில் போட்டேன். சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கில் லைக். நான் மதிக்கும் கவிஞர்கள் இரண்டு பேர் பகிர்ந்திருந்தார்கள். நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

அது அவளுடைய சித்தப்பாவின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அங்கிருந்து அவள் அப்பாவுக்கு. என்ன நடந்தது என்று அவள் என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தவள், "பேரு போடாம இருந்திருக்கலாங்க டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். பதிவை அன்றே அழித்தேன். ஆனால் ஸ்க்ரீன்ஷாட் ஊரின் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அவள் வேறெதுவும் எழுதவில்லை. கட்டுரை நோட்டில்கூட உரைநூலில் இருப்பதை வரி பிசகாமல் பார்த்து எழுதிக் கொடுத்தாள்.

அவள் சொன்னதை மறுபடி மறுபடி நினைத்தேன். கவிதையைப் போட்டிருக்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பெயர் போடாமல் இருந்திருக்கலாம் என்றாள். எதையும் வெளியே சொல்லாதே என்பது ஒன்று. சொல், ஆனால் ஆள் தெரியாமல் சொல் என்பது வேறொன்று. இரண்டாயிரம் வருஷ இலக்கணத்தை நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன், அவளுக்கு அது தெரிந்திருந்தது.

சமூக வலைத்தளங்களில் எச்சரிக்கையாக இருப்பது எப்படி என்று எங்கள் பள்ளியிலும் கூட்டம் நடத்துவார்கள். முகம் தெரிகிற படம் போடாதே, தெரியாதவரிடம் பேசாதே, ஓடிபி சொல்லாதே. ஒன்றும் தவறான அறிவுரை இல்லை. ஆனால் மைதானத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் காதில் விழுந்தது, பொம்பளைப்பிள்ளை அடக்கமாக இரு என்ற பழைய பேச்சுதான். அதை முகத்திலேயே பார்த்தேன். அப்படி ஒரு கூட்டம் முடிந்து வகுப்புக்கு வந்ததும், "அந்தரங்கம்னா என்ன கண்ணு?" என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒருத்தி, "கெட்ட விஷயங்க டீச்சர்" என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. வார இதழ்களின் கேள்வி பதில் பக்கங்கள் அந்தச் சொல்லை அப்படி ஆக்கி வைத்திருக்கின்றன. தப்புச் செய்கிறவர்கள் மறைக்கிற சங்கதி என்ற பொருள் அதற்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அகம் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். வீடு என்று ஒரு பொருள், மனசு என்று ஒரு பொருள், உள்ளே என்று ஒரு பொருள். கதவைச் சாத்திக்கொள்வது தப்புப் பண்ணுவதற்காகத்தானா என்று கேட்டேன்.

அப்போது மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "எனக்குச் சீர் பண்ணப்போ பஸ் ஸ்டாண்டுல என் போட்டோ போட்டு ஃப்ளெக்ஸ் வெச்சாங்க டீச்சர். ஒரு வாரம் இருந்துச்சு. ஆறாவதுதான் படிச்சேன். பசங்க எல்லாம் பார்த்தாங்க. நான் அந்தப் பக்கமே போகல. அதுக்கு யாரு என்னைக் கேட்டாங்க?"

என்னிடம் பதில் இல்லை. ஒரு குழந்தையின் உடம்பில் நடந்த மாற்றத்தைப் பத்துக்கு எட்டு அடியில் அச்சடித்து, தாய்மாமன் பெயரோடு, உறவுமுறைப் படங்களோடு நாற்சந்தியில் கட்டுகிறோம். அதே குழந்தை ஆறு வருஷம் கழித்து இன்ஸ்டாவில் தன் முகத்தைப் போட்டால் கூப்பிட்டு வைத்துப் புத்தி சொல்கிறோம். கொடுக்காத ஒன்றைக் காப்பாற்று என்றால் அவள் எதைக் காப்பாற்றுவாள்?

பள்ளிக்கூடமும் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. உதவித்தொகைப் பட்டியலைச் சாதிப் பிரிவோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டியவர்கள் நாங்கள். மாதத்தேர்வு மதிப்பெண்ணை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, எல்லாப் பெற்றோரும் எல்லாப் பிள்ளைகளின் மார்க்கையும் பார்க்கச் செய்தவர்கள் நாங்கள். 2017-இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. முதலிடம் வந்தவளின் பெயரும் படமும் பத்திரிகையில் வராது என்றானபோது பலர் வருத்தப்பட்டார்கள். மதிப்பெண் ஒரு பிள்ளையின் சொந்த விஷயம் என்பதை அந்த முடிவு போகிற போக்கில் ஒப்புக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தனியார் பள்ளிகளின் ஃப்ளெக்ஸ் அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

வீட்டை எடுத்துக்கொண்டால், என் மாணவிகளில் பாதிப்பேருக்கு மேல் ஒற்றை அறை வீடு. தனக்கென்று பூட்டி வைக்க ஒரு டிரங்குப் பெட்டி கிடையாது. குடும்பத்துக்கு ஒரு போன். அண்ணன் அதில் லாக் போட்டுக்கொள்ளலாம். தங்கை போட்டால், எதற்கு லாக், யாரிடம் பேசுகிறாய் என்று கேள்வி வரும். தனக்கென்று ஒரு கதவு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவளுக்குக் கிடைப்பது ஏதோ ஒரு பொய்ப் பெயரில் திறந்த கணக்கில்தான். அதை ஃபேக் ஐடி என்று நாம் திட்டுகிறோம்.

இந்தியாவில் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24 அன்று. வழக்குத் தொடுத்த புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், அப்போதே முதியவர். இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். உயிரோடு இருக்கும் உரிமையைச் சொல்கிற 21-ஆம் பிரிவுக்குள்ளேயே இதுவும் இருக்கிறது என்பது அவர்களைத் தொடுகிறது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதைச் சொன்னபோது மூன்றாம் பெஞ்சுப் பெண் என்னைப் பார்த்தாள். ஃப்ளெக்ஸ் வைத்ததும் பெற்றோர்தானே என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. சட்டம் எழுதியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

வேம்பு கட்டிய வேலுக்கு வருகிறேன். போன வருஷம் என் வாட்ஸ்அப் டிபியை வண்ணத்தில் அச்செடுத்து, ஆளுக்கொரு தாளாகக் கொடுத்தேன். பொங்கலன்று என் வீட்டுக் கூடத்தில் எடுத்த படம். என் முகம், புதுப்புடவை, பின்னால் சுவர். என்னைத் தெரியாத ஒருவர் இதிலிருந்து என்னென்ன கண்டுபிடிக்க முடியும் என்று எழுதச் சொன்னேன். இருபது நிமிஷம் கொடுத்தேன்.

முதலில் சிரித்தார்கள். பிறகு தாளைக் கண்ணருகே கொண்டுபோனார்கள். சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. தமிழ்நாட்டில் எந்தக் காலண்டரிலும் கடைப்பெயர் இருக்கும், தெருப்பெயர் இருக்கும், போன் நம்பர் இருக்கும். எங்கள் தெருமுனை நகைக்கடை. கிழித்த தாளில் தேதி. ஆக, இன்ன நாளில் இன்ன ஊரில் இன்ன வட்டாரத்தில். அலமாரியில் மாத்திரை அட்டை. ஒருத்தி அதன் நிறத்தை வைத்தே அவள் பாட்டி சாப்பிடும் சர்க்கரை மாத்திரை என்று எழுதினாள். ஜன்னல் வழியாகக் கோபுரத்தின் உச்சி தெரிந்தது. கம்பியின் நிழலை வைத்து, ஜன்னல் கிழக்குப் பார்த்தது, காலை நேரம் என்று கணக்குப் போட்டவள் அறிவியல் பிரிவு மாணவி. கண்ணாடியில் படம் எடுத்தவரின் கை தெரிந்தது. கையில் மோதிரம் இல்லை, மெலிந்த கை, சின்னப் பையனாக இருக்கும், டீச்சருக்கு ஒரு மகன் இருக்கிறான். அது சரிதான். என் மகன்தான் எடுத்தான்.

அன்று மாலை நானே என் டிபியை மாற்றினேன். அவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் படங்களை எடுத்துப் பார்த்ததை மறுநாள் சொன்னார்கள். யூனிஃபார்மின் கட்டமே எந்தப் பள்ளி என்று சொல்லிவிடுகிறது. டவுன் பஸ்ஸின் போர்டு எந்த வழி என்று சொல்லிவிடுகிறது. தினமும் டியூஷன் முடிந்து ஒரே இடத்தில் நின்று ஸ்டோரி போட்டவள், தான் நிற்கும் நேரத்தையும் இடத்தையும் வாரம் ஆறு நாள் ஊருக்கு அறிவித்திருக்கிறாள். நான் பயமுறுத்தவில்லை. அவர்களாகக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தபின் அழித்தவர்களும் உண்டு, தெரிந்தே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. தெரிந்து வைத்துக்கொண்டால் அது அவள் முடிவு.

ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக ஒன்றுமில்லை. சேரும்போதுதான் ஆள் வெளியே வருகிறார். லத்தான்யா ஸ்வீனி என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 2000-இல் ஒரு கணக்கைக் காட்டினார். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்ற மூன்றே விவரங்கள் போதும். அந்நாட்டு மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனியாகச் சுட்டிவிடலாம் என்பது அவர் மதிப்பீடு. அதற்கு முன்பே, பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த வில்லியம் வெல்டின் பதிவை அவர் எடுத்துக் காட்டியிருந்தார். இதைக் கேட்டதும் ஒரு மாணவி, "நம்ம ரிசல்ட் பார்க்கறதுக்கும் பதிவெண்ணும் பிறந்த தேதியும்தானுங்க டீச்சர் கேக்கும்" என்றாள். ஹால்டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு எடுத்த செல்ஃபி, கேக் வெட்டும் வீடியோ. இரண்டும் அவள் ஸ்டோரியிலேயே இருந்தன.

பெயரை மறைப்பது பற்றிப் பேசுவது இதைவிடக் கடினம். இங்கே நான் என் சக ஆசிரியர்களோடு வேறுபடுகிறேன். முகம் தெரியாத கணக்கு என்றாலே அயோக்கியத்தனம் என்பது அவர்கள் எண்ணம். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் ஊர்களில் மொட்டைக் கடுதாசி என்ற ஒன்று உண்டு. நிச்சயித்த கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறது, நேர்மையான குமாஸ்தாவை இடம் மாற்றியிருக்கிறது. இன்று அது கன்ஃபெஷன் பேஜ் என்ற பெயரில் இன்ஸ்டாவில் வருகிறது. பள்ளிப் பெயரில், கல்லூரிப் பெயரில், யாரோ ஒருவர் நடத்தும் பக்கம். எழுதுகிறவருக்குப் பெயரில்லை, எழுதப்படுகிறவளுக்கு மட்டும் வகுப்பு, செக்‌ஷன், எந்த பஸ்ஸில் வருவாள் என்பது வரைக்கும் இருக்கும். அகப்பாட்டில் சொல்கிறவன் தன் காதலியின் பெயரைக் காத்தான். இங்கே சொல்கிறவன் தன் பெயரைக் காத்துக்கொண்டு அவள் பெயரைக் கொடுக்கிறான்.

பெயரில்லாமல் பேசும் இந்த ஆசையை விற்பனைச் சரக்காக்கியவர்களும் உண்டு. என்ஜிஎல் என்றொரு செயலி. உனக்கு யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமல் செய்தி அனுப்பலாம் என்பார்கள். என் மாணவிகளும் வைத்திருந்தார்கள். 2024 ஜூலையில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. பிள்ளைகளுக்கு வந்த செய்திகளில் பல, நிறுவனமே தயாரித்து அனுப்பிய போலிகள் என்பது குற்றச்சாட்டு. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும் என்கிற மாதிரிச் செய்தியை அனுப்பிவிட்டு, யார் அனுப்பியது என்று தெரிய வேண்டுமா, பணம் கட்டு என்றது. கட்டினாலும் பெயர் வராது, துப்பு மட்டும் வரும். 50 லட்சம் டாலர் கட்டவும், பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்குத் தராமல் இருக்கவும் ஒப்புக்கொண்டது. ஒரு மாணவி இரண்டு நாள் சாப்பிடாமல் அழுத செய்தி யாருமே எழுதாததாக இருந்திருக்கலாம் என்று அறிந்தபோது அவள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

ஆனாலும் பெயரில்லாமல் பேசும் உரிமையைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்க நான் சம்மதிக்க மாட்டேன். வயதுக்கு வந்ததும் பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்ட ஒரு துவரங்குறிச்சிப் பெண், வீட்டாருக்குத் தெரியாமல் கவிதை எழுதி சல்மா என்ற புனைபெயரில் வெளியிட்டார். அந்தப் பெயர் இல்லாவிட்டால் 2000-இல் வந்த 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பு நமக்குக் கிடைத்திருக்காது. பின்னாளில் அதே பெயரோடு அவர் ஊரறிய மேடையேறினார். முகம் மறைத்து எழுதுவது, முகம் காட்டும் நாள் வரும் வரைக்குமான தங்குமிடமாக இருக்கலாம். அந்த நாள் வராமலே போகலாம், அதிலும் குறைவில்லை. குறுந்தொகையில் செம்மண்ணில் விழுந்த மழையைச் சொன்னவர் யார்? இயற்பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. அவர் சொன்ன உவமையையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

குடிகார அப்பாவைப் பற்றி, தன்மேல் கை வைத்த உறவினனைப் பற்றி, தன் சாதியைச் சொல்லித் தண்ணீர்க் குடத்தை ஒதுக்கி வைத்தவர்களைப் பற்றிப் பதினாறு வயதுப் பெண் பெயர் போட்டு எழுத வேண்டும் என்று யார் சொல்ல முடியும்? நான் வகுப்பில் கேட்கச் சொல்வது ஒன்றுதான். நீ பெயரை மறைப்பது உன்னைவிடப் பலசாலியிடமிருந்தா, உன்னைவிட எளியவளை அடிப்பதற்கா? வேறு அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

புகார் கொடு, பெயர் வெளியே வராது என்று சொல்லும்போது மட்டும் என் குரல் இறங்கிவிடுகிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம் என்கிறது சட்டம். பொள்ளாச்சி வழக்கில் 2019-இல், புகார் கொடுத்த பெண்ணின் பெயர் அரசாணையிலேயே அச்சாகி வந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவருடைய விவரங்களோடு வெளியே பரவியது. இரண்டு முறையும் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. இதையும் பிள்ளைகளிடம் சொல்கிறேன். மறைத்து நம்பிக்கை ஊட்ட எனக்கு விருப்பமில்லை. கூடவே, இணையக் குற்றப் புகாருக்கான 1930, குழந்தைகள் உதவிக்கான 1098 என்ற இரண்டு எண்களையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வைக்கிறேன். பதினெட்டு வயதுக்கு முன் எடுத்த படத்தை வைத்து எவனாவது மிரட்டினால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது, படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, அதன் எண்வடிவ ரேகை மட்டும் உன் போனிலேயே உருவாகிப் போகும், அதை வைத்து இன்ஸ்டாவும் ஃபேஸ்புக்கும் அந்தப் படத்தைத் தடுக்க முடியும் என்று சொல்கிறேன். இதைச் சொல்லும்போது யாரும் என்னைப் பார்ப்பதில்லை. எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள்.

இந்தப் பருவத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் துளை போட்டு மேசைமேல் வைத்தேன். கவிதையோ கதையோ எதுவானாலும் பெயர் எழுதாமல் போடலாம். நான் படித்து, கீழே இரண்டு வரி எழுதி மேசையிலேயே வைப்பேன், எழுதியவர் யாரும் இல்லாத நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். முதல் வாரம் சாக்லேட் உறை இரண்டு கிடந்தது. மூன்றாம் வாரம் பதினோரு தாள்கள். ஒருத்தி இடது கையால் எழுதியிருந்தாள். ஒருத்தி எல்லாவற்றையும் அச்செழுத்துப்போல நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்தாள். நெடுநல்வாடையின் பிரச்சினை அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

ஒரு தாள் மட்டும் மறைப்பேதும் இல்லாமல் வந்தது. ரஃப் நோட்டிலிருந்து கிழித்தது. ஊரில் எல்லோர் வாசலிலும் இருக்கிற வேப்பமரத்தைப் பற்றி எழுதியிருந்தாள். அவள் வீட்டு மரத்தில் மட்டும் ஒரு கிளை ஏன் இல்லை என்று கடைசி மூன்று வரியில் வருகிறது. ழகரத்தின் சுழியை அவள் இழுக்கும் விதத்தில் வாசிக்கும்போதே யாரென்று தெரிந்துவிட்டது. கட்டுரை நோட்டுகளில் வருஷம் முழுக்கப் பார்க்கும் ழகரம். போனைக் கையில் எடுக்கவில்லை. தாளின் கீழே, கிளை முறிந்த இடத்தைப் பற்றி இன்னும் நான்கு வரி எழுதலாம், அவசரமில்லை என்று பென்சிலால் எழுதினேன். மற்றப் பத்துத் தாள்களுக்கு நடுவில் செருகி வைத்தேன்.

மறுநாள் காலை வகுப்புக்குப் போனபோது மேசைமேல் பத்துத் தாள்கள் இருந்தன. வருகைப் பதிவை எடுத்து, தலை நிமிராமல் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தேன்.